பதினாலாம் நம்பர் அடுப்பின் வம்சாவளி

ஏழாவது கேள்வியில் அடுப்பண்ணனின் பேனா நின்றது.

'கல்லின் தாய், தந்தை பெயர்' என்று படிவத்தில் அச்சடித்திருந்தார்கள்.

அவர் பெஞ்சில் உட்கார்ந்தபடியே கம்பி ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே பதிவாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, ஊதி, துடைத்து, மறுபடி ஊதிக்கொண்டிருந்தார்.

"சார், இந்த இடத்துல என்ன எழுதறது?"

"உண்மைய எழுதுங்க."

"கல்லுக்கு ஏது சார் அப்பா அம்மா?"

"பூமியில பொறந்த கல்லுன்னா தாய் பூமி, தந்தை காலம்னு நாங்களே எழுதிக்குவோம். உங்களோடது அப்படியில்லியே. யார் வயித்துல பொறந்துச்சோ அந்தப் பேரைப் போடுங்க."

அடுப்பண்ணன் தலையைச் சொறிந்தார். தாய் என்ற இடத்தில் 'பதினாலாம் நம்பர் அடுப்பு' என்று எழுதினார். தந்தை என்ற இடத்தில் 'மீத்தேன் வாயு' என்று எழுதினார். எட்டாவது கேள்வி வயது. பக்கத்திலேயே 'கோடி ஆண்டுகளில்' என்று அச்சாகியிருந்தது. அதை அடித்துவிட்டு 'இருபத்தாறு நாள்' என்று போட்டார்.

பதிவாளர் படிவத்தை வாங்கிப் படித்தார். "பச்சைக் குழந்தை" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை.

இது வைர வம்சாவளி ஆணையம். ஊரிலிருக்கும் ஒவ்வொரு வைரமும் எந்தப் பிறப்பைச் சேர்ந்தது என்று சான்றிதழ் தருகிற இடம். முன்பக்கம் பளிங்குப் படி, பித்தளைக் கைப்பிடி, தானாகத் திறக்கும் கதவு. அது பூமிக்குள் பிறந்த கற்களுக்கு. பின்பக்கம் குப்பைத் தொட்டிகளுக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் ஒரு சந்து, சந்தின் முடிவில் ஒரு தகரக் கதவு. அது ஆய்வகத்தில் வளர்ந்த கற்களுக்கு. கல்லைக் கொண்டு வருகிற மனிதர்களும் அந்தந்தக் கல்லின் கதவு வழியாகத்தான் வர வேண்டும். 'நாங்கள் பாகுபாடு பார்ப்பதில்லை' என்று தகரக் கதவில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. பளிங்குக் கதவில் அப்படி எதுவும் எழுதவில்லை. அங்கே அதற்குத் தேவை இருக்கவில்லை.

அடுப்பண்ணனுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. இருபத்திரண்டு வருடமாக வைரத் தொழிற்சாலையில் அடுப்பைப் பார்த்துக்கொண்டதில் அந்தப் பெயர் அவருக்கே மறந்துவிட்டது. அடுப்பு என்றால் ஆள் உயர இரும்பு அண்டா. உள்ளே நகம் பருமனில் வெட்டிய வைரத் துண்டை விதையாக வைப்பார். காற்றை உறிஞ்சி வெளியே எடுப்பார். இரண்டு வாயுக்களை உள்ளே விட்டு, நுண்ணலையை முடுக்கினால், நடுவில் ஒரு ஊதா நிற நெருப்புப் பந்து எழும்பி அந்தரத்தில் நிற்கும். அந்தச் சூட்டில் வாயுவிலிருக்கும் கரி பிரிந்து விதையின் மேல் பனி விழுவதுபோல் விழும். படலத்தின் மேல் படலம். இருபத்தாறு நாள் கண்ணை அகற்றாமல் பார்த்துக்கொண்டால் வைரம். பூமி செய்வதும் இதே கரியை வைத்துத்தான். பூமிக்கு முதலாளி கிடையாது, அதனால் மெதுவாகச் செய்கிறது.

அவர் வளர்த்த கல்லைப் பட்டை தீட்டியவள் அவர் மனைவி. தொழிற்சாலையில் எல்லோருக்கும் லென்ஸக்கா. பத்தொன்பது வருடம் சாணைச் சக்கரத்துக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்ததில் இடது கண் போய்விட்டது. வலது கண்ணுக்கு டாக்டர் ஆறு மாதம் சொல்லியிருந்தார். வேலையை விட்டு நிற்கிறவர்கள் ஒரு கல்லை எடுத்துக்கொண்டு போகலாம் என்பது தொழிற்சாலை வழக்கம். கடைசியாகத் தீட்டிய கல்லையே அவள் கேட்டாள். ஒரு காரட். பதினாலாம் நம்பர் அடுப்பில் புருஷன் வளர்த்தது.

"எத்தனையோ ஆயிரம் கல்லு தீட்டிட்டேங்க. ஒண்ணையாவது முழுசா பார்த்திருக்கேனா? சக்கரத்துல இருக்கறப்ப எண்ணெயும் கரியுமா ஒரு பக்கம்தான் தெரியும். முடிஞ்சதும் பொட்டலத்துல போட்டு வாங்கிட்டுப் போயிடறாங்க. இந்த ஒரு கல்லையாவது வெயில்ல வெச்சு, திருப்பித் திருப்பிப் பார்த்துடணும். கண்ணு இருக்கறப்பவே."

கேட்டது அவ்வளவுதான். ஆனால் ஆணையத்தின் சான்றிதழ் இல்லாமல் கல் தொழிற்சாலைக் கேட்டைத் தாண்டக்கூடாது. பொட்டலத்தில் முத்திரை வைத்து, ஒரு காவலாளியையும் கூட அனுப்பி, அடுப்பண்ணனை இந்தத் தகரக் கதவுக்கு அனுப்பியிருந்தார் முதலாளி.

"அமுக்கியா, ஆவியா?" என்றார் பதிவாளர்.

"என்ன சார்?"

"வளர்ப்புல ரெண்டு வழி இருக்கில்ல? பெரிய அமுக்கு எந்திரத்துல போட்டு நசுக்கிச் செய்யறது ஒண்ணு. ஆவியில வளர்க்கறது ஒண்ணு. உங்களோடது எது?"

"ஆவி சார்."

"அப்ப எழுந்து நில்லுங்க. பெஞ்சு அமுக்கினதுக்கு மட்டும்தான்."

அடுப்பண்ணன் எழுந்தார். பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்திருந்த ஆள் கையில் ஓர் அமுக்கின கல் வைத்திருந்தான். அவன் இன்னும் கொஞ்சம் நன்றாகச் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டான்.

"ஏன் சார் இந்த வித்தியாசம்?"

"அமுக்கினது பூமி மாதிரியே கொஞ்சம் அழுத்தத்துல கஷ்டப்பட்டிருக்கு. ஆவி கஷ்டமே படல. மிதந்து வந்துடுச்சு. தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கு எல்லாக் கல்லும் ஒண்ணுதான். அதனாலதான் ஒவ்வொண்ணையும் அதது இருக்க வேண்டிய இடத்துல வெச்சிருக்கேன்."

பதிவாளரின் மேசையில் இரண்டு இடுக்கிகள் இருந்தன. ஒன்று வெள்ளி, வெல்வெட் பெட்டியில். ஒன்று கறுப்பு, ஆணியில் தொங்கியது. அவர் கறுப்பு இடுக்கியால் கல்லைப் பொட்டலத்திலிருந்து எடுத்துக் கறுப்புத் தட்டில் வைத்தார். மூலையில் பட்டுத்துணி போர்த்திய ஓர் இயந்திரம் நின்றது.

"அது என்ன சார்?"

"பிறப்பறியும் கருவி. எந்தக் கல்லு எங்க பொறந்துச்சுன்னு அரை நிமிஷத்துல சொல்லிடும். வெளிநாட்டுச் சரக்கு."

"அதுல போட்டுப் பார்க்கலியா?"

"அது ரிப்பேராகி ரெண்டு வருஷமாச்சு."

"அப்ப எப்படி சார் கண்டுபிடிக்கறீங்க?"

பதிவாளர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "எந்தக் கதவு வழியா வந்துச்சுன்னு பார்ப்போம்."

அந்த நேரத்தில்தான் மணி அடித்தது.

ஆணையத்தின் தலைவர் வருகிறார் என்று பொருள். வருடத்துக்கு ஒருமுறை தன் கொள்ளுத்தாத்தாவின் வைரத்துக்குத் தானே சான்றிதழைப் புதுப்பித்துக்கொள்கிற நாள். உயர்பிறப்புக் கல் கூடத்துக்குள் நுழைந்தால் ஊழியர்கள் எழுந்து நிற்க வேண்டும், வளர்ப்புக் கல் இருக்கும் தட்டைக் கறுப்புத் துணியால் மூடிவிட வேண்டும் என்பது ஆணையத்தின் மிக முக்கியமான விதி. ஒன்றின் ஒளி மற்றதன் மேல் பட்டுவிடக் கூடாதாம்.

தலைவர் வெள்ளித் தட்டை இரண்டு கையாலும் ஏந்தியபடி வந்தார். தட்டில் ஒரே ஒரு கல். மோதிரத்திலிருந்து கழற்றியது, போன வருடம் புது மாதிரியில் பட்டை போட்டது.

பதிவாளர் பதறி எழுந்தார். துணியை எடுத்து உதறினார். துணியின் ஓரம் கறுப்புத் தட்டில் மாட்டியது. தட்டு எகிறியது.

டிங்.

வெள்ளித் தட்டில் இப்போது இரண்டு கல். ஒரே அளவு. ஒரே வெட்டு. ஒரே வெளிச்சம்.

பதிவாளர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பெஞ்சிலிருந்த அமுக்கின கல்லுக்காரன் கல்லை உள்ளங்கையில் பொத்திக்கொண்டான்.

"இடது பக்கம் விழுந்துச்சு. அதுதான் என்னோடது" என்றார் அடுப்பண்ணன், ஜன்னலுக்கு வெளியிலிருந்து.

தலைவர் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. "யாரும் பதற வேண்டாம். வம்சம் தானா பேசும்" என்றார். தட்டின் மேல் குனிந்தார். பத்து விநாடி. பிறகு இடது பக்கக் கல்லை எடுத்து உயர்த்தினார். "முறைக்குது பாருங்க! அப்படியே எங்க கொள்ளுத்தாத்தா கண்ணு. அந்த இன்னொண்ணைப் பாருங்க. ஒளி இருக்கு, ஆனா கூச்சம் இருக்கு. புதுசா வந்தவன் வீட்டுக்குள்ள நிக்கற மாதிரி நிக்குது."

"ஐயா, நீங்க எடுத்ததுதான் என் கல்லு! சார், நீங்க பார்த்தீங்கதானே?"

"பார்த்தேன்" என்றார் பதிவாளர். "ஆனா தலைவர் பார்த்துட்டார். அதுக்கப்புறமும் நான் பார்த்தேன்னு சொல்றது மரியாதை இல்ல."

ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. கொள்ளுத்தாத்தாவின் வைரத்தின் இடுப்பில், மேல்பாதியும் கீழ்ப்பாதியும் சேரும் விளிம்பில், லேசரால் 'வளர்ப்பு' என்று மயிரிழை எழுத்தில் பொறித்து, சான்றிதழோடு அடுப்பண்ணனின் கையில் கொடுத்தார்கள். பிறகு வெள்ளித் தட்டையும் வெள்ளி இடுக்கியையும் வெந்நீரில் கொதிக்க வைக்க வேண்டியிருந்ததால் ஆணையத்துக்கு மூன்று நாள் விடுமுறை விட்டார்கள்.

வீட்டு வாசலில் நல்ல வெயில். லென்ஸக்கா கல்லை வாங்கி, பூதக்கண்ணாடியை வலது கண்ணில் இடுக்கிக்கொண்டாள். ஒருமுறைதான் திருப்பினாள்.

"இது யாரோடதுங்க?"

"ஏன், என்ன?"

"என் கை பட்ட கல்லு இல்ல இது. என்னோடதுல இடுப்புக்குக் கீழ ஒரு சின்னப் பட்டை கூடுதலா இருக்கும். ஒரு கீறல் விழுந்துச்சு, அதை மறைக்க நானே போட்டேன். இதுல அது இல்ல."

அவர் நடந்ததைச் சொன்னார். "விலைக்குப் பார்த்தா இதுதான் பத்து மடங்கு போகும். பூமியில பொறந்தது" என்று முடித்தார், ஆறுதலாக இருக்கட்டும் என்று.

"அதுக்கு?" என்றாள் அவள். "மண்ணுல சும்மா கெடந்த கல்லுங்க இது. எவனோ தோண்டினான், எவனோ தீட்டினான். நமக்கும் இதுக்கும் என்ன? எனக்கு இருக்கறது ஒரு கண்ணு. அதை அடுத்த வீட்டுக் கல்லைப் பார்த்துச் செலவழிக்கணுமா?"

அடுப்பண்ணன் ஆணையத்துக்கு மேல்முறையீடு எழுதினார். விசாரணைக்கு அழைப்பு வர ஆறு வாரம் ஆனது. அதற்குள் லென்ஸக்காவால் பேப்பரில் தலைப்பை மட்டும்தான் படிக்க முடிந்தது.

விசாரணை மண்டபத்தில் தலைவரும் நான்கு உறுப்பினர்களும் உட்கார்ந்திருந்தார்கள். நான்கு பேரும் தலைவரின் மச்சான்கள். உறுப்பினர்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று ஒரு பத்திரிகைக்காரர் முன்பு கேட்டபோது, 'கல்லைப் போலத்தான், வம்சம் பார்த்து' என்று தலைவர் பெருமையோடு சொல்லியிருந்தார்.

லென்ஸக்காவைக் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, அடுப்பண்ணன் தொழிற்சாலைப் பதிவேட்டை மேசையில் வைத்தார். அது அவர் கையெழுத்திலேயே இருந்தது. 'அடுப்பு 14. ஒன்பதாம் நாள். கரன்ட் போனது. பதினேழு நிமிடம்.'

"கரன்ட் போனா நெருப்புப் பந்து அணைஞ்சிடும் ஐயா. மறுபடி ஏத்தினா கல்லு வளரும், ஆனா நின்ன இடத்துல ஒரு கோடு விழும். சாதாரண வெளிச்சத்துல தெரியாது. ஊதா விளக்குல பளிச்சுனு தெரியும்."

பையிலிருந்து தொழிற்சாலை விளக்கை எடுத்தார். முதலில் தன் கையிலிருந்த கல்லின் மேல் அடித்தார். ஒன்றுமில்லை. பிறகு தலைவரின் மோதிரத்தை நோக்கித் திருப்பினார்.

கல்லின் குறுக்கே ஒரு கோடு. ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் நேராக, பச்சையாக எரிந்தது.

ஒரு மச்சான் தண்ணீர் குடித்தார். இன்னொரு மச்சானும் அதே டம்ளரில் குடித்தார்.

தலைவர் மோதிரத்தை உற்றுப் பார்த்தார். முகம் வெளுத்தது. பிறகு சிவந்தது. பிறகு மெல்ல, மிக மெல்ல, அதில் ஒரு பரவசம் பரவியது.

"இந்தக் கோடு என்னன்னு தெரியுதா உங்களுக்கு? முந்நூறு கோடி வருஷத்துக்கு முன்னாடி பூமியே ஒரு நிமிஷம் மூச்சை நிறுத்தியிருக்கு. அந்த மூச்சு இது. உலகத்துல வேற எந்தக் கல்லுலயும் இல்லாத கோடு. எங்க குடும்பக் கல்லுல இருக்கு."

"ஐயா, அது டிரான்ஸ்ஃபார்மர் வெடிச்சது" என்றார் அடுப்பண்ணன்.

"நான் தீட்டினது ஐயா" என்றாள் லென்ஸக்கா. "இடுப்புக்குக் கீழ ஒரு பட்டை கூடுதலா இருக்கு, பாருங்க."

மூத்த மச்சான் லென்ஸை வைத்துப் பார்த்தார். "இருக்கு."

"இருக்கும்" என்றார் தலைவர். "எங்க கொள்ளுத்தாத்தா எதையுமே கூடுதலாத்தான் செய்வார்."

லென்ஸக்கா எழுந்து நின்றாள். "உங்களுக்குக் கண்ணு ரெண்டும் நல்லா இருக்கா ஐயா?"

"ஆண்டவன் புண்ணியத்துல."

"அதை வெச்சு என்னதான் பார்க்கறீங்க? என் ஒத்தைக் கண்ணுக்குத் தெரியறது உங்க பத்துக் கண்ணுக்குத் தெரியலையா? அஞ்சு பேரும் சேர்ந்து உட்கார்ந்து கதவைத்தான் பார்ப்பீங்களா? இத்தனை வருஷமா நீங்க கைல போட்டுக்கிட்டு மினுக்கின கல்லுக்கெல்லாம் பட்டை போட்டது எங்க கண்ணு. அது போற வழியில ஒரு தடவ பார்த்துட்டுப் போகட்டுமேன்னு கேட்டா, தாய் யாரு தகப்பன் யாருன்னு படிவம் நீட்டறீங்க. வெக்கமா இல்ல?"

"வெட்கப்பட எங்களுக்குத் தனி விதி இல்லையம்மா" என்றார் தலைவர், கண்ணியம் குறையாமல்.

தீர்ப்பு ஒரு வாரம் கழித்து வந்தது. பதினோரு பக்கம். ஆணையத்தின் சான்றிதழ் தவறாக இருக்க முடியாது என்று முதல் பக்கம் சொன்னது. தலைவரின் கல் பதினாலாம் நம்பர் அடுப்பில் பிறந்ததற்குப் பதிவேட்டில் ஆதாரம் இருக்கிறது, அதை மறுப்பதற்கில்லை என்று ஐந்தாம் பக்கம் சொன்னது. இரண்டும் உண்மையாக இருக்க வேண்டுமானால் ஒரே ஒரு வழிதான் உண்டு என்று பதினோராம் பக்கம் கண்டுபிடித்திருந்தது. பதினாலாம் நம்பர் அடுப்பு, அடுப்பு அல்ல. அது இதுவரை யாரும் அறியாதிருந்த ஓர் ஆதிச் சுரங்கம்.

'வளர்ப்பு' என்று பொறித்திருந்த கொள்ளுத்தாத்தாவின் கல்லை அடுப்பண்ணன் விசாரணை மண்டபத்து மேசையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். அதைத் தொட யாரும் முன்வரவில்லை. உரிமை கோரப்படாத வளர்ப்புக் கல் என்று முத்திரையிட்டு, பொடியாக அரைத்து, பல் டாக்டர்களின் துளைக்கருவி முனைக்கு அனுப்பிவிட்டார்கள்.

முதலாளி தீர்ப்பைச் சட்டம் போட்டு மாட்டினார். அவருக்கு இருந்த ஒரே குறை, மீதி முப்பது அடுப்புகளும் அடுப்பாகவே இருந்ததுதான். பதினாலாம் அடுப்பைச் சுற்றிப் பளிங்கு பதித்தார். வாசலில் இரண்டு கடப்பாரைகளைக் குறுக்காக மாட்டினார். பார்க்க வருகிறவர்களுக்கு விளக்கு வைத்த தலைக்கவசம் கொடுத்தார். தலைவர் நேரில் வந்து தரையைத் தொட்டுப் பார்த்து, "என்ன ஒரு ஆழம்!" என்றார். அது முதல் மாடி.

அடுப்பண்ணனுக்கு ஒரு கடிதம் வந்தது. வளர்ப்புப் பிரிவைச் சேர்ந்த ஊழியர்கள் ஆதிச் சுரங்கத்துக்குள் நுழையக் கூடாது என்று. மறுநாளே இன்னொரு கடிதம். வேறு யாருக்கும் அதை இயக்கத் தெரியாததால் பின்பக்கச் சரக்கு வாசல் வழியாக, கையுறை போட்டுக்கொண்டு, பார்வையாளர்கள் இல்லாத நேரத்தில் நுழையலாம் என்று.

"நான் பெத்த புள்ளைய நான் தொட கையுறையாம்" என்றார் அவர் வீட்டில்.

"கல்லு எங்க இருக்கு?" என்றாள் லென்ஸக்கா. அவள் கேட்டது அது ஒன்றுதான்.

"அவன் விரல்ல."

டாக்டர் புதிதாக ஒரு தேதி சொன்னார். இனி மாதக் கணக்கு இல்லை, வாரக் கணக்கு.

ஆணையத்தின் ஐம்பதாம் ஆண்டு வந்தது. விழாவுக்கு ஆதிச் சுரங்கத்திலிருந்து ஐந்து கற்கள் வேண்டும், ஐந்திலும் பூமியின் மூச்சுக்கோடு இருக்க வேண்டும் என்று தலைவர் ஆணையிட்டார். தனக்கு ஒன்று, மச்சான்களுக்கு நான்கு. ஒன்பதாம் நாள் சரியாகப் பதினேழு நிமிடம் கரன்டை நிறுத்தும்படி முதலாளி சொன்னார். அடுப்பண்ணன் நிறுத்தினார். பூமி மூச்சை நிறுத்தியது. பூமி மறுபடி மூச்சு விட்டது.

இருபத்தைந்தாம் நாள் காலை பத்து மணிக்கு அவர் எல்லா வால்வுகளையும் மூடினார். ஊதாப் பந்து ஒருமுறை சுருங்கியது, அணைந்தது. கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பின்பக்கச் சரக்கு வாசலுக்கு வெளியே வெயிலில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். பக்கத்து ஸ்டூலில் லென்ஸக்கா. மடியில் பூதக்கண்ணாடி.

முதலாளி ஓடி வந்தார். "அண்ணே, என்னண்ணே இது? நாளைக்கு விழா!"

"ஒரு மணி நேரம் சூடு தாங்கும் முதலாளி. அதுக்குள்ள ஏத்திட்டா கல்லு பொழைக்கும். மிஞ்சிப்போனா இன்னொரு கோடு விழும், அவருக்குத்தான் கோடு பிடிக்குமே. அதுக்குள்ள என் பொண்டாட்டி தீட்டின கல்லு அவ கைக்கு வரணும்."

"போலீஸக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடுங்க. வர்றவங்களுக்கு வால்வு திறக்கத் தெரியுமான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கூப்பிடுங்க."

முதலாளி போனில் கத்தினார். கால் மணி நேரத்தில் தலைவரும் மச்சான்களும் காரில் வந்து இறங்கினார்கள். முன்வாசலில்தான் இறங்கினார்கள். அங்கேயே அவசரக் கூட்டம் கூட வேண்டியதாயிற்று. மோதிரத்துக் கல்லைக் கொடுப்பதில் தலைவருக்குத் தடையில்லை. நாளைக்கு ஐந்து புதுக் கல் வரப்போகிறதே. எந்த இடுக்கியால் கொடுப்பது என்பதுதான் சிக்கல். வெள்ளி இடுக்கியை வளர்ப்புப் பிரிவு ஆட்களிடம் நீட்டக் கூடாது. கறுப்பு இடுக்கியால் உயர்பிறப்புக் கல்லைத் தொடக் கூடாது. மச்சான்கள் விதிப்புத்தகத்தைப் புரட்டினார்கள். இருபது நிமிடம். பிறகு, ஆணையத் தலைவர் சரக்கு வாசலுக்கு நடந்து போகலாமா, போனால் திரும்பி முன்வாசல் வழியாக வரலாமா என்பது பற்றி இன்னொரு இருபது நிமிடம்.

பதினொன்று பத்துக்குத் தலைவர் வந்தார். குப்பைத் தொட்டிகளைத் தாண்டி, மூக்கைப் பொத்திக்கொண்டு. இடுக்கி எதுவும் இல்லை. விதிப்புத்தகத்தில் விரலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று இளைய மச்சான் கண்டுபிடித்திருந்தார்.

"நீட்டம்மா" என்றார் தலைவர்.

"நீங்க நீட்டுங்க" என்றாள் லென்ஸக்கா.

அவர் இரண்டு விரலால் கல்லைப் பிடித்து அவள் உள்ளங்கையில் வைத்தார். வைத்த விரல்களை என்ன செய்வதென்று தெரியாமல் அந்தரத்திலேயே வைத்துக்கொண்டார்.

அவள் கண்ணாடியை வலது கண்ணில் இடுக்கினாள். கல்லை வெயிலுக்கு நேராகத் தூக்கினாள். திருப்பினாள். சிவப்பு ஒரு துளி கன்னத்தில் விழுந்தது. நீலம் நெற்றியில். பச்சை புடவைத் தலைப்பில். திருப்பினாள். மறுபடி திருப்பினாள். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார், ஒரு மச்சான் இருமினார், அவள் திருப்பிக்கொண்டே இருந்தாள்.

"இருக்குங்க" என்றாள் கடைசியில். "என் பட்டை இருக்கு. அடுத்த கல்லுல இன்னும் கொஞ்சம் சாய்ச்சுப் போட்டிருப்பேன்." கல்லை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"கிடைச்சிடுச்சில்ல? போய் வால்வைத் திறய்யா!" என்றார் தலைவர்.

அடுப்பண்ணன் எழுந்தார். சாவியை எடுத்து முதலாளியின் கையில் வைத்தார். கையுறைகளைக் கழற்றி ஸ்டூலில் போட்டார்.

"திறந்து ஒண்ணும் ஆகப்போறதில்லைங்க. ஒரு மணி நேரம்னு சொன்னேன். பத்து நிமிஷம் முன்னாடியே விதை அஞ்சும் விரிசல் விட்டிருக்கும். நீங்க இடுக்கி தேடிக்கிட்டு இருந்தீங்க."

"அப்ப நாளைக்கு?"

"முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். எங்க அடுப்புன்னா இருபத்தாறு நாள்ல முடியும்." அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "இது உங்க சுரங்கம். உங்க கணக்குப்படி முந்நூறு கோடி வருஷம். உட்காருங்க, ஸ்டூல் இருக்கு."